‘அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு’ என்று எழுதாததால் நான் இழந்தவை

வருடியெடுத்த பழைய தமிழ் நூல்களின் படங்களிலிருந்து தேடக்கூடிய உரையை உருவாக்கித் தரும் சிறிய மென்பொருள் ஒன்றை 2015ஆம் ஆண்டு முதல் எழுதி வருகிறேன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மாடியறைதான் அலுவலகம். பகலில் ஜவுளி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருள் பராமரிப்பு. இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இந்த வேலை. தொடங்கிய நாளிலேயே மூலநிரலை, அதாவது நான் எழுதிய நிரல் வரிகளை, பொதுவில் வைத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற எண்ணம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. ஆறு ஆண்டுகளில் பதினொரு பேர் நிரலுக்குத் திருத்தம் அனுப்பியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததே இல்லை.

2021 செப்டம்பரில், பல ஊர்களில் நூலகம் நடத்தும் ஓர் அறக்கட்டளையிலிருந்து அழைப்பு வந்தது. பன்னிரண்டு கிளைகளில் மென்பொருளை நிறுவி, அவர்களது பட்டியலோடு இணைத்து, ஓராண்டு பராமரித்துத் தர வேண்டும்; அதற்கு 4,80,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். முன்பணமாக 1,20,000 வந்தது. ஆலை வேலைகளில் ஒன்றைக் கைவிட்டுவிட்டு முழுநேரமும் இதில் இறங்கினேன். ஐந்து வாரம் கழித்து அவர்களுடைய தொழில்நுட்ப ஆலோசகர் ஒருவர் நான்கே வரியில் மின்னஞ்சல் அனுப்பினார். என் மென்பொருளில் உள்ள ஒவ்வொரு பகுதியும் யாருடையது, எந்த உரிமத்தின் கீழ் உள்ளது, அந்த உரிமங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ஓர் அட்டவணை தர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அரை மணி நேரத்து வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். அன்று இரவு இரண்டு மணிக்கு, என் மென்பொருளை இப்போதுள்ள வடிவில் யாருக்கும் சட்டப்படி கொடுக்க முடியாது என்பது எனக்கே விளங்கியது.

நடந்தது இதுதான். 2015இல் பிடிஎஃப் கோப்புகளைத் திறப்பதற்காக ஒரு பழைய வாசிப்பானின் நிரலிலிருந்து சில கோப்புகளை எடுத்து என் நிரலோடு சேர்த்திருந்தேன். அவை, மென்பொருளைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஜிபிஎல் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் இருந்தன. அதில் எனக்கு மறுப்பில்லை. என் நிரலுக்கும் அதே உரிமத்தை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கோப்புகளின் தலைப்பில் ‘பதிப்பு 2’ என்று மட்டுமே இருந்தது. பல நிரல்களில் காணப்படும் ‘அல்லது உங்கள் விருப்பப்படி அதற்குப் பிந்தைய ஏதேனும் ஒரு பதிப்பு’ என்ற தொடர் இல்லை. நானும் அந்தத் தலைப்பை அப்படியே படியெடுத்து என்னுடைய ஒவ்வொரு கோப்பின் உச்சியிலும் ஒட்டினேன். பிறகு எழுத்துணர்வுக்காக, அதாவது படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் காண, டெசராக்ட்டைச் சேர்த்தேன். எச்பி நிறுவனத்தில் 1985இல் பிறந்து, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்த அந்த லைப்ரரி, அதாவது பிற நிரல்களில் இணைத்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பு, தமிழுக்கும் பயிற்சித் தரவு கொண்டது. (நூலகங்களுக்காக எழுதும் மென்பொருளில் லைப்ரரியையும் நூலகம் என்று எழுதினால் குழப்பம் என்பதால் இப்படிப் பிரித்து எழுதுகிறேன்.) டெசராக்ட் இருப்பது அப்பாச்சி 2.0 என்ற வேறொரு திறந்த மூல உரிமத்தில். ஜிபிஎல்லும் நல்ல உரிமம், அப்பாச்சியும் நல்ல உரிமம், இரண்டும் திறந்த மூலம். எனவே சேர்க்கலாம் என்பதைத் தாண்டி ஆறு ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் யோசிக்கவில்லை.

ஏன் சேராது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. உங்களுக்கு அந்த வாரம் வேண்டாம் என்பதால் சொல்கிறேன். 2004 ஜனவரியில் வந்த அப்பாச்சி 2.0 உரிமத்தின் மூன்றாம் பிரிவு, பங்களித்தவர்களின் காப்புரிமைகளை (பேட்டன்ட்; பதிப்புரிமை வேறு) பயன்படுத்தவும் அனுமதி தருகிறது. ஆனால் அந்த மென்பொருள் காப்புரிமையை மீறுவதாக நீங்களே வழக்குத் தொடுத்தால், அதற்காக உங்களுக்குக் கிடைத்திருந்த காப்புரிமை அனுமதி முடிந்துவிடும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் 1991ஆம் ஆண்டின் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் ஆறாம் பிரிவு, இந்த உரிமம் தரும் உரிமைகளின் மீது கூடுதலாக எந்தக் கட்டுப்பாட்டையும் சுமத்தக் கூடாது என்கிறது. அப்பாச்சியின் காப்புரிமை நிபந்தனை இரண்டாம் பதிப்பில் இல்லாத ஒன்று. ஆகவே அது கூடுதல் கட்டுப்பாடாகிறது என்பதே ஜிபிஎல்லை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. 2007 ஜூன் 29 அன்று வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இந்த முரணைத் தீர்த்துவிட்டார்கள். அப்பாச்சி நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு நிரலுக்குள் சேர்க்கலாம். சேர்ந்த மொத்தமும் மூன்றாம் பதிப்பின் கீழ் போகும். எதிர்த்திசையில், ஜிபிஎல் நிரலை எடுத்து அப்பாச்சி உரிமத்தில் வெளியிட முடியாது. நான் அந்த ஒரு தொடரைச் சேர்த்திருந்தால், பிடிஎஃப் பகுதியை மட்டும் மாற்றிவிட்டு, மறுநாளே மூன்றாம் பதிப்புக்குத் தாவியிருக்கலாம். என்னிடமும் என் பதினொரு பங்களிப்பாளர்களிடமும் இருந்தது ‘பதிப்பு 2’ மட்டும்.

அட்டவணையை நிரப்ப நிரப்ப மற்றவையும் வெளிவந்தன. பக்கத்துக்கு எத்தனை எழுத்துப் பிழை என்று காட்டும் சிறிய வரைபடத்துக்காக க்யூட்டி என்ற லைப்ரரித் தொகுப்பின் சார்ட்ஸ் என்ற பகுதியைச் சேர்த்திருந்தேன். க்யூட்டியின் அடிப்படைப் பகுதிகளை ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் கீழும் பெறலாம். ஆனால் வரைபடப் பகுதி திறந்த மூலமாகக் கிடைப்பது மூன்றாம் பதிப்பின் கீழ் மட்டுமே. ஒரே பெயரில் வருவதெல்லாம் ஒரே உரிமத்தில் இருக்கும் என்ற என் எண்ணம் அங்கே உடைந்தது. அடுத்தது, நிரலாளர்கள் கேள்வி பதில் பரிமாறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் ஒருவர் தந்த விடையிலிருந்து அப்படியே எடுத்த முப்பது வரிகள். அங்கே எழுதப்படுபவை கிரியேட்டிவ் காமன்ஸ் பகிர்வுரிமத்தில் உள்ளன. அதன் நான்காம் பதிப்பிலிருந்து ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு ஒருவழிப் பாதை உண்டு, இரண்டாம் பதிப்புக்கு இல்லை. இணைத்திருந்த தமிழ் எழுத்துரு ஒன்றில் கொக்கியின் வளைவை நானே திருத்தி, பழைய பெயரிலேயே விட்டிருந்தேன். திறந்த எழுத்துரு உரிமத்தில், ஒதுக்கப்பட்ட பெயர் என்று அறிவிக்கப்பட்டிருந்தால் திருத்திய வடிவத்துக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. கடைசியாக, சேர்த்து எழுதிய சொற்களின் புணர்ச்சி பிரிப்பதற்கு நான் பயன்படுத்திய சொற்பட்டியல். அதற்கு உரிமமே இல்லை. உரிமம் இல்லை என்றால் யாரும் எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். சட்டத்தின் பார்வையில் அதற்கு நேர்மாறு, அனுமதி எதுவும் தரப்படவில்லை என்று பொருள்.

அந்த இரவுகளைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைத் தரவிறக்கிப் படித்தேன். கணினி நிரலை அது இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. என் சி++ நிரலும் இலக்கியம் என்று அறிந்து சிரிக்கும் மனநிலையில் நான் இல்லை. அறிந்தே மீறினால் பிரிவு 63இன்படி ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதம் என்று படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. திறந்த மூல நிரல் எழுதிய யாரும் கோயம்புத்தூருக்கு வந்து என்னைச் சிறைக்கு அனுப்பப் போவதில்லை என்று இன்று நிதானமாகச் சொல்ல முடிகிறது. அன்று முடியவில்லை. அதைவிட உறுத்தியது வேறொன்று. முந்தைய ஆண்டுகளில் மூன்று சிறு நூலகங்களுக்குக் குறுந்தகட்டில் மென்பொருளைக் கொடுத்திருந்தேன். மூலநிரலைக் கூடவே வைக்கவில்லை, கேட்டால் தருகிறேன் என்று குறைந்தது மூன்றாண்டுக்குச் செல்லும் எழுத்துவழி உறுதியும் தரவில்லை. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் நான்காம் பிரிவின்படி, நிபந்தனையை மீறிய அந்தக் கணமே எனக்கான உரிமம் தானாக முடிந்துவிடுகிறது. மூன்றாம் பதிப்பில் முதல்முறை தவறுபவருக்கு, அறிவிப்பு கிடைத்த 30 நாளில் சரிசெய்தால் உரிமம் மீளும் என்ற இரக்கம் உண்டு. பழையதில் அது இல்லை. மூன்று நூலகங்களுக்கும் தொலைபேசியில் பேசி, மூலநிரல் அடங்கிய புதிய தகடுகளை அஞ்சலில் அனுப்பினேன். ஒரு நூலகர், “இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, தம்பி?” என்று கேட்டார். “பீரோவில் வையுங்கள், ஐயா” என்றேன்.

பிறகு வழக்கறிஞரிடம் போனேன். என் முதல் பண இழப்பு அங்கேதான், 35,000 ரூபாய். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வணிகக் குறி வழக்குகளில் நல்ல பெயர் உள்ளவர். ஆனால் பொருத்தம் என்ற சொல்லை நான் சொன்னபோதெல்லாம் அவர் வேறொன்றைப் புரிந்துகொண்டார். ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசி இயங்குவது ஒரு வகைப் பொருத்தம். அதற்குத் தேவையான தகவலை, வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, முறையாகக் கையில் வைத்திருக்கும் நிரலை ஆராய்ந்து பெறுவதை நம் சட்டத்தின் பிரிவு 52 மீறலாகக் கருதுவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கூகுள்–ஆரக்கிள் வழக்கில், ஜாவாவின் ஏறத்தாழ 11,500 அறிவிப்பு வரிகளைக் கூகுள் எடுத்தாண்டது நியாயமான பயன்பாடே என்று தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் இவ்விரண்டையும் வைத்து எனக்கு எட்டுப் பக்கக் கருத்துரை எழுதித் தந்தார். என் சிக்கலோ நிரல்கள் பேசிக்கொள்வதில் இல்லை. அவை அழகாகவே பேசிக்கொண்டன. இரண்டு உரிமையாளர்கள் விதித்த இரண்டு நிபந்தனைகளையும் ஒரே பொட்டலத்தில் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்பதுதான் சிக்கல். நீங்கள் ஆலோசனைக்குப் போனால், பணம் கட்டுவதற்கு முன், திறந்த மூல உரிமம் தொடர்பாக அவர் இதற்கு முன் கையாண்ட ஒரு விஷயத்தையாவது கேளுங்கள். கூடவே கோப்பு வாரியாக அட்டவணையை எடுத்துச் செல்லுங்கள். நான் கதையைச் சொன்னேன், அவர் கதைக்கு விடை எழுதினார்.

உரிமம் என்பது வெறும் வேண்டுகோள், மீறினால் என்ன ஆகிவிடும் என்று நண்பர்கள் சிலர் தேற்றினார்கள். இந்தப் பேச்சை நீங்களும் கேட்பீர்கள் என்பதால் ஒரு தகவல். பொம்மை ரயில்களை இயக்கும் திறந்த மூல மென்பொருள் ஒன்றைப் பற்றிய வழக்கில், 2008 ஆகஸ்டில் அமெரிக்கக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், இத்தகைய உரிமத்தின் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாக முடியும் என்று சொன்னது. இலவசமாகத் தரப்பட்டது என்பதால் நிபந்தனை பலமிழப்பதில்லை. அது நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆனாலும் எனக்குப் பணம் தர முன்வந்த அறக்கட்டளையின் ஆலோசகர் அதைப் படித்திருந்தார். என் வாழ்க்கையில் அந்த நேரத்தில் முக்கியமான நீதிபதி அவர்தான்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, பங்களித்த பதினொரு பேரிடமும் ‘அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு’ என்று சேர்ப்பதற்கு ஒப்புதல் வாங்குவது. ஒருவர் அனுப்பிய திருத்தத்தின் பதிப்புரிமை, அதை நான் என் களஞ்சியத்தில் சேர்த்துக்கொண்டதால் என்னுடையதாகிவிடாது. அவர்கள் ‘பதிப்பு 2’ என்ற தலைப்பின் கீழ் கொடுத்தார்கள். அதை நான் தனியாக மாற்ற முடியாது. 2021 நவம்பர் முதல் வாரத்தில் பதினொரு மின்னஞ்சல்கள் போயின. ஏழு பேர் ஒரே வாரத்தில் ‘சம்மதம்’ என்று எழுதினார்கள். அவர்களில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளதென்றும், தம் ஒப்புதலில் எந்த நாட்டுச் சட்டம் என்று குறிப்பிடாமல் உலகம் முழுமைக்கும் என்று எழுதினால் போதாதா என்றும் கேட்டு, வாசகத்தை என்னைவிட நன்றாகத் திருத்தித் தந்தார். மீதி நான்கு பேர்தான் என் குளிர்காலத்தைத் தின்றவர்கள்.

முதலாமவர் திருத்தங்களை அனுப்பியபோது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அலுவலகக் கணினியில், அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்பியிருந்தார். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 17இன்படி, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணியின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்பின் முதல் உரிமையாளர் முதலாளிதான். இந்தத் திருத்தம் பணியின் பகுதியா இல்லையா என்பது அவருக்கே சந்தேகம். நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்குக் கடிதம் போய், ஒப்புதல் வரப் பதினோரு வாரம் ஆனது. இரண்டாமவர் நான் கூலி கொடுத்து எழுதச் சொன்ன இளைஞர். பக்கங்களின் சாய்வை நேராக்கும் பகுதிக்கு 18,000 ரூபாய் கொடுத்திருந்தேன். பணம் கொடுத்துவிட்டதால் நிரல் என்னுடையது என்று உறுதியாக நம்பினேன். அவர் என் ஊழியர் இல்லை, தனியாகத் தொழில் செய்பவர். எனவே பிரிவு 17 எனக்கு உதவாது. உரிமை மாற்றம் பிரிவு 19இன்படி எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அவர் தங்கமான பையன், “அண்ணா, எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?” என்று வந்து நின்றார். அவசரத்தில் நான் தயாரித்த பத்திரத்தில் காலத்தையும் எல்லையையும் எழுத மறந்துவிட்டேன். அதே பிரிவின்படி, காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். மறுபடி ஒரு முத்திரைத்தாள் வாங்கினேன். வெளியாளைக் கொண்டு நிரல் எழுதுபவர்கள் இந்த இரண்டு சொற்றொடர்களை, ‘பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும்’, ‘உலகம் முழுமைக்கும்’ என்பவற்றை, பணம் கொடுக்கும் நாளிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

மூன்றாமவர் காலமாகிவிட்டிருந்தார். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். தமிழ் எண்களை அடையாளம் காணும் பகுதியை எழுபது வயதில் கற்றுக்கொண்டு எழுதி அனுப்பியவர். அவருடைய முகவரிக்குப் போன மின்னஞ்சலுக்கு மகள் பதில் எழுதினார். படைப்பாளியின் மறைவுக்குப் பின்னும் அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை தொடரும், அது வாரிசுகளுடையது. இதை ஒரு வீட்டின் துக்கத்துக்கு நடுவே எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பத்து நாள் தள்ளிப்போட்டேன். கடைசியில் திருச்சிக்கே போனேன். அவருடைய மனைவி நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவர் எழுதியதை எடுத்துவிடப் போகிறீர்களா?” என்று மட்டும் கேட்டார். “இல்லை அம்மா, எடுக்காமல் இருப்பதற்குத்தான் கையெழுத்து” என்றேன். அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் கையெழுத்திட்டார்கள். நான் செய்த பயணங்களில் செலவுக் கணக்கு எழுத மனம் வராத பயணம் அது ஒன்றுதான்.

நான்காமவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. புனைபெயர், செயலிழந்த மின்னஞ்சல், அவ்வளவுதான். அவர் எழுதியவை இருநூற்றுப் பத்து வரிகள். மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. அந்த வரிகளை நீக்கிவிட்டு வேறொருவரைக் கொண்டு புதிதாக எழுதச் செய்தேன். பழைய நிரலை நான் பார்த்திருக்கிறேன். நானே எழுதினால் கையில் பழைய வரிகளே வந்துவிழும். எனவே அந்தப் பகுதி என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் இரண்டு பக்கத் தமிழில் எழுதி, மூலநிரலை ஒருபோதும் திறந்திராத ஒருவரிடம் கொடுத்தேன். எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்பதை நம் உச்ச நீதிமன்றம் ஒரு நாடகம் திரைப்படமானது பற்றிய வழக்கில் 1978லேயே தெளிவாக்கியிருக்கிறது. அந்த இரண்டு பக்கக் குறிப்பையும், யாரிடம் எந்தத் தேதியில் கொடுத்தேன் என்பதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இதற்கான கூலி 12,000.

இதற்குள் 2022 பிப்ரவரி வந்துவிட்டது. அறக்கட்டளை காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அவர்கள் நியாயமாகவே நடந்துகொண்டார்கள். மார்ச் முடிவதற்குள் செலவிட வேண்டிய நிதி அது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அதில் பாதியை வீட்டுச் செலவுக்கு எடுத்திருந்ததால் மனைவியின் வளையல்களை அடகு வைத்துக் கொடுத்தேன். விட்டுவிட்ட ஆலை வேலையும் வேறொருவருக்குப் போயிருந்தது. அந்த மாதத்தில் திறந்த மூலம் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. நான் யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் என்னை ஏமாற்றவில்லை. கொடுத்தவர்கள் எல்லோரும் மனமுவந்து கொடுத்தார்கள். அப்படியிருந்தும் 4,80,000 ரூபாய் ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. கோபப்பட ஓர் ஆள்கூட இல்லாத கோபம் மிகவும் சோர்வு தரும்.

ஏப்ரலில், சென்னையில் நீண்ட காலம் லினக்ஸ் தொடர்பான வேலைகளில் இருந்த மூத்தவர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “டெசராக்ட்டை ஏன் உள்ளே இணைத்தீர்கள்? அதைத் தனி நிரலாக ஓட்டினால் என்ன?” என்பது. ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எந்த இடத்தில் உள்ளது, எவ்வளவு நம்பகத்தோடு படிக்கப்பட்டது என்ற தகவல் வேண்டும் என்பதால் இணைத்தேன் என்றேன். அந்தத் தகவலை எல்லாம் டெசராக்ட் கட்டளை நிரலே, தத்தலால் (டேப்) பிரித்த அட்டவணைக் கோப்பாகத் தரும் என்றார். அது உண்மை; ஆண்டுக்கணக்காக இருக்கும் வசதி. இரண்டு நிரல்கள் தனித்தனியாக இயங்கி, கட்டளை வரி வழியாகவோ கோப்பு வழியாகவோ பேசிக்கொண்டால் அவை பொதுவாகத் தனித்தனி நிரல்களே என்பதுதான் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தரும் விளக்கமும். ஒருவரது பை இன்னொருவரது பையோடு ஒரே வண்டியில் போவது போல. உள்ளமைப்புத் தரவுகளை நெருக்கமாகப் பரிமாறிக்கொண்டால் இந்த வாதம் பலவீனமாகும். எனவே இது உரிமத்தை ஏமாற்றும் தந்திரமாக இருக்கக் கூடாது, உண்மையாகவே பிரிந்திருக்க வேண்டும். என் வேலைக்கு உண்மையாகவே பிரிந்திருந்தால் போதும். மாற்றி எழுத ஒன்பது நாள் ஆனது. பக்கத்துக்கு அரை விநாடி வேகம் குறைந்தது. வரைபடப் பகுதியை நீக்கிவிட்டு நானே கோடு வரைந்துகொள்ள ஒன்றரை நாள். நவம்பரில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஒப்பந்தம் என் கையில் இருந்திருக்கும். அன்று பேருந்தில் திரும்பும்போது சேலம் வரை எதையும் பேசத் தோன்றவில்லை.

ஆனாலும் ஒப்புதல்கள் வீண் போகவில்லை. கடைசிக் கடிதம் வந்ததும் என் நிரலின் எல்லாத் தலைப்புகளிலும் அந்தத் தொடரைச் சேர்த்தேன்; பழைய பிடிஎஃப் கோப்புகளை நீக்கிவிட்டு, ஜிபிஎல் இரண்டு அல்லது மூன்று என்ற தேர்வோடு கிடைக்கும் பாப்ளர் என்ற பிடிஎஃப் லைப்ரரியை வைத்தேன். இப்போது மொத்தப் பொட்டலமும் மூன்றாம் பதிப்பின் கீழ் போகிறது. டெசராக்ட்டை உள்ளே இணைத்தாலும் குற்றமில்லை. அப்பாச்சி உரிமத்தின் படியையும் அறிவிப்புக் கோப்பையும் கூடவே வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. என் மடிக்கணினியில் எனக்காக மட்டும் எதையும் எதனோடும் சேர்த்து ஓட்டியிருக்கலாம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜிபிஎல்லின் கடமைகள் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் தொடங்குகின்றன. அதனால்தான் ஆறு ஆண்டுகள் எனக்கு எதுவும் தெரியவில்லை. கொடுத்துக் காசு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு, வாங்கலாம். ஜிபிஎல் விலைக்கு எதிரானதில்லை, மூலநிரலை மறைப்பதற்கே எதிரானது.

இப்போது என் வேலை முறை மாறிவிட்டது. புதிதாக எதையும் சேர்க்கும் முன், அதன் முகப்புப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்பாமல், உள்ளே உள்ள கோப்புகளின் தலைப்பையும், அது தன்னோடு இழுத்து வரும் மற்ற லைப்ரரிகளையும் பார்க்கிறேன். பதிப்பு எண்ணோடு அன்றே அட்டவணையில் ஒரு வரி எழுதுகிறேன். அடுத்த பதிப்பில் உரிமம் மாறியிருக்கக்கூடும். திருத்தம் அனுப்புபவர்களிடம், இது உங்கள் சொந்தப் படைப்பா, முதலாளியின் அனுமதி உண்டா, ‘பதிப்பு 2 அல்லது பிந்தையது’ என்பதற்குச் சம்மதமா என்று மூன்று வரி கேட்டு, பதில் வந்த பிறகே சேர்க்கிறேன். சிலர் எரிச்சலடைந்து விலகிப்போயிருக்கிறார்கள். போகட்டும்.

அட்டவணையில் இன்று இருபத்து மூன்று வரிகள் உள்ளன. இருபத்திரண்டில் உரிமத்தின் பெயர் நிரம்பியிருக்கிறது. இருபத்து மூன்றாவது வரி அந்தச் சொற்பட்டியலுக்கு. அதைத் தொகுத்தவருக்கு நான்கு முறை எழுதியும் பதில் இல்லை. அதனால் மென்பொருள் அது இல்லாமலே போகிறது. புணர்ச்சி பிரிப்பு முன்னைப்போல் நன்றாக இல்லை என்று நூலகர்கள் சொல்கிறார்கள். என் பட்டியலை நானே தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன், இப்போது ‘கூ’ வரிசையில் இருக்கிறேன்.